சிஸ்டர், திரும்பாதீங்க!

அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடாது. மாடிக் குழாயில் தண்ணீர் வந்தால் அது ஊருக்கே செய்தி. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் காலையில், ஒவ்வொரு வார்டிலும் நர்ஸ் மேஜை மேல் பளபளவென்று ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் நெற்றியில் கடுகளவு ஒரு கேமரா, பக்கத்தில் எந்நேரமும் எரிகிற ஒரு பச்சை விளக்கு. மேஜையில் காலங்காலமாக இருந்த மருந்துத் தட்டும் பஞ்சு டப்பாவும் பிரஷர் பார்க்கிற கருவியும் இடம் இல்லாமல் ஜன்னல் விளிம்புக்குக் குடிபெயர்ந்தன.

சுகாதார ஊழியர்களுக்கான டிஜிட்டல் கற்றல் திட்டமாம். திறந்துவைக்கப் பெரிய டாக்டர் வந்தார். பெரிய டாக்டர் என்பது அவருடைய பதவி. அவர் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டுப் பார்த்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ரிப்பன் வெட்டுவதற்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். அதை அவர் பிடித்த லட்சணத்தைப் பார்த்துத் தியேட்டர் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைக்கைப் பிடித்தார் பெரிய டாக்டர்.

"நண்பர்களே! இத்தனை காலமும் நம் ஊழியர்கள் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார்கள். இந்த அவல நிலைக்கு இன்றோடு முற்றுப்புள்ளி வைக்கிறோம்!"

கைதட்டல்.

"இனிமேல் ஒரு நர்ஸ் நன்றாகக் கவனிக்கிறாரா என்று நோயாளியைக் கேட்க வேண்டியதில்லை. நோயாளிக்கு வலி. வலியில் இருப்பவர் சொல்வதை எப்படி நம்புவது? கம்ப்யூட்டருக்கு வலி கிடையாது. இனி அது சொல்லும், நாம் கேட்போம். நோயாளிகள் வருவார்கள், போவார்கள். ஆனால் நாம் எடுக்கிற சதவீதம் என்றைக்கும் நிலைத்து நிற்கும்!"

மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி போடவில்லை.

பின்வரிசையில் ஆண்கள் வார்டின் பெரிய சிஸ்டரும் நின்றிருந்தாள். எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது, முட்டியில் வலி, ஆனால் வார்டின் எந்த மூலையிலிருந்து யார் "சிஸ்டர்" என்று முனகினாலும் தலை தானாகத் திரும்பிவிடும். தூக்கத்தில்கூடத் திரும்புவாள் என்று அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை கேலி செய்துகொண்டிருந்தார். அவளுக்கு அந்த விழாவில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. மனசெல்லாம் லீவில் இருந்தது.

அவளுடைய ஒரே மகள் பக்கத்து ஊரில் நிறைமாதமாக இருந்தாள். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பிரசவத்தின்போது மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருக்கிறாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நேரத்தில் பெரிய சிஸ்டர் இங்கே யாரோ பெற்ற பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல யார் கூப்பிட்டாலும் ஓடுறே," என்று இந்தத் தடவை மகள் போனில் கேட்டிருந்தாள். "நான் கூப்பிட்டா வருவியாம்மா?"

"தலைகீழா நின்னாவது வந்துடுவேன்டி."

சொல்லிவிட்டாள். சொன்னபோது லீவு என்பது மேட்ரனிடம் போய்க் கையைப் பிசைந்துகொண்டு கேட்கிற சமாச்சாரமாக இருந்தது. இப்போது லீவும் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. திரையில் லீவு என்று ஒரு பொத்தான் இருந்தது. சாம்பல் நிறம். அழுத்தினால் அமுங்கவில்லை. அதன் கீழே ஒரு வரி: பயிற்சியை முடித்தவுடன் இந்தப் பொத்தான் உயிர்பெறும். லீவு இல்லாமல் போனால், வேலையை விட்டு ஓடியவர் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்து வீட்டுக்கு அனுப்பிவிடுமாம். அந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. மகள் வீட்டு அடுப்பும் பாதி அதில்தான் எரிந்தது.

மகளை இங்கேயே சேர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கே பிரசவ வார்டு என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கட்டடத்திலேயே ஒழுகாத அறை அது ஒன்றுதான். அதனால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தாயான பெரிய மெஷினை அங்கே கொண்டுபோய் வைத்து, ஏசி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகையும் மாட்டிவிட்டார்கள். பிரசவத்துக்கு வருகிறவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

சரி, படித்து முடித்துவிட்டால் போச்சு என்று மறுநாளே பெரிய சிஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பாடத்தின் தலைப்பு: "நோயாளி அழைத்தால்: அன்பான கவனிப்பின் அடிப்படைகள்". திரையில் ஒரு பெண் வந்தாள். நர்ஸ் உடைதான், ஆனால் சலவைக் கடையிலிருந்து நேரே வந்தவள்போல் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. "வணக்கம், அன்பான கற்போரே!" என்று பல் தெரியச் சிரித்தாள். "உங்கள் கவனம் முழுவதும் என் மீதே இருக்கட்டும். மேலே உள்ள கவனக் கண் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்."

பிறகு படுக்கையில் ஒரு பொம்மை நோயாளி தோன்றினார். தீனமான குரலில், "சிஸ்டர்!" என்றார்.

பெரிய சிஸ்டர் சட்டென்று எழுந்து வார்டைப் பார்த்துத் திரும்பினாள். "யாருப்பா கூப்பிட்டது?"

வார்டே சிரித்தது. யாரும் கூப்பிடவில்லை. அவள் திரும்பி உட்கார்ந்தபோது பச்சை விளக்கு சிவப்பாகி, திரை முழுக்கச் சிவந்துபோயிருந்தது. உங்கள் கவனம் சிதறியது. பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது.

"வணக்கம், அன்பான கற்போரே!" என்றாள் சுருக்கம் இல்லாதவள்.

பொம்மை கூப்பிட்டால் எழுந்திருக்கக் கூடாது என்பதைப் பழகவே பெரிய சிஸ்டருக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதைப் பழகியதும் நிஜமானவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது. இன்னொருவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்தவர் சும்மா, சிஸ்டர் இருக்கிறாளா என்று பார்க்கக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் தலை திரும்பியது. ஒவ்வொரு தடவையும் திரை சிவந்தது. வணக்கம், அன்பான கற்போரே. அந்த வணக்கத்தைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வார்டின் ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பழைய பஸ் கண்டக்டர் இருந்தார். வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் கனமான கட்டோடு படுத்திருந்தார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமானாலும் அந்த வார்டை அவர் பஸ்ஸாகவே நடத்திவந்தார். ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆனால், "ஒரு ஆள் எறக்கம்!" என்பார். அவருக்கே அவசரம் என்றால், "சிஸ்டர், எனக்கு ஸ்டாப்பிங் வருது!" என்பார். பெரிய சிஸ்டரின் பாடு அவருக்குப் புரிந்துபோயிற்று.

"எல்லாரும் கேட்டுக்கங்க," என்று படுத்தபடியே அறிவித்தார். "சிஸ்டர் அவங்க பொண்ணு பிரசவத்துக்குப் போகணும். பரீட்சை முடியற வரைக்கும் எவனும் கூப்பிடப்படாது. உசுரு போனாத்தான் கூப்பிடணும், தெரிஞ்சுதா?"

"உசுரு போனப்புறம் எப்படிண்ணே கூப்பிடுறது?" என்று எதிர்ப்படுக்கை கேட்டது.

"அதான் சொல்றேன். கூப்பிடவே கூப்பிடாதே."

அவர்கள் பாவம், வாயை மூடிக்கொண்டுதான் கிடந்தார்கள். ஆனால் இருமலை மூடிவைக்க முடியுமா? ஒருத்தர் இருமிய இருமலில் சளி அடைத்திருப்பது கேட்டது. தலை திரும்பிவிட்டது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெரிய சிஸ்டர் கற்றல் மேலாளரைப் பார்க்கப் போனாள். அவர் இந்தத் திட்டத்துக்கென்றே புதிதாக வந்தவர். இதற்கு முன்னால் ஒரு ஷாம்பு கம்பெனியில் இருந்தாராம். அறையில் ஏசி ஓடியது, சுவரில் ஒவ்வொரு வார்டின் சதவீதமும் வண்ண வண்ணக் கம்பங்களாக நின்றது. ஆண்கள் வார்டின் கம்பம் தரையோடு தரையாக இருந்தது.

"சார், பாடத்தை முடிக்க முடியல சார். பேஷண்ட் கூப்பிடுறாங்க."

"அதைத்தான் சிஸ்டர் நாங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கோம்," என்றார் மேலாளர், மிக அன்பாக. "கற்றலுக்கு முதல் இடைஞ்சலே பேஷண்ட்தான்."

"அப்ப வீட்டுல வச்சுப் படிச்சுக்கட்டுமா சார்?"

"உங்க வீட்டுல பேஷண்ட் இருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப அது எப்படி சிஸ்டர் நிஜமான சூழ்நிலை ஆகும்? வார்டுலதான் படிக்கணும்."

"டூட்டி முடிஞ்சப்புறம் வார்டுல உக்காந்து..."

"டூட்டி முடிஞ்சா அது உங்க முகத்தை ஏத்துக்காது. அப்ப நீங்க பொதுமக்கள்."

"அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். பேஷண்ட் கூப்பிட்டா நான் என்ன செய்யணும்?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க! உடனே திரும்பிப் பாக்கணும். பாடமே அதானே!"

"திரும்பினா முதல்லேர்ந்து ஆரம்பிக்குதே சார்."

"அங்கதான் விஷயமே இருக்கு. பாடத்தை முடிச்சவங்க திரும்பினா அது பயிற்சி பெற்ற திரும்பல். முடிக்காம திரும்பினா அது வெறும் பழக்கம். இத்தனை வருஷமா நீங்க பழக்கத்துல திரும்பிட்டு இருந்திருக்கீங்க சிஸ்டர். அதை முதல்ல நிறுத்தணும். அப்பத்தான் முறையா ஆரம்பிக்க முடியும்."

"இதைப் பத்தி மேலிடத்துல புகார் பண்ணலாமா சார்?" என்று கேட்டாள் பெரிய சிஸ்டர்.

"தாராளமா! நாங்க புகாரை வரவேற்கிறோம். லீவு பொத்தானுக்குக் கீழேயே புகார் பொத்தான் இருக்கு."

"அதுவும் சாம்பலாத்தான் இருக்கு."

"ஆமா. பயிற்சியை முடிச்சதும் எரியும்."

ஆண்கள் வார்டில்தான் இந்த லட்சணம் என்றில்லை. லேப்காரர் தன் போட்டோவை அட்டையில் ஒட்டிக் கேமரா முன்னால் நிறுத்திப் பார்த்தார். கண் சிமிட்டவில்லை என்று கம்ப்யூட்டர் அவரை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிட்டது. உயிரோடு இருப்பதை நிரூபிக்கத் தனியாக ஒரு பாடம் இருக்கிறதாம். கடைசியில் வழி கண்டுபிடித்தது எலும்பு வார்டின் ஒரு சின்ன நர்ஸ். கழுத்து சுளுக்கினவர்களுக்கு மாட்டுகிற கழுத்துப் பட்டை இருக்கிறதே, அதை எடுத்துத் தன் கழுத்தில் இறுக்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தலை திரும்பவே இல்லை. ஒரே நாளில் பாடம் முடிந்தது.

அவ்வளவுதான். ஸ்டோரில் இருந்த கழுத்துப் பட்டை அத்தனையும் பறந்துபோயிற்று. நிஜமாகக் கழுத்து உடைந்து வந்தவருக்குத் துண்டைச் சுருட்டிக் கட்டி அனுப்பினார்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வார்டுக்கு வார்டு நர்ஸுகள் தலையை நிமிர்த்தி, நேரே பார்த்தபடி, கல்லுப்போல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கம்பீரம்!" என்று சொக்கிப்போனார் அவர். "முன்னெல்லாம் நான் வந்தால் அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே அசிங்கமாக இருக்கும்." கழுத்துப் பட்டையைச் சீருடையில் சேர்த்து அன்று மாலையே உத்தரவு வந்தது.

அதோடு விட்டாரா? படுக்கைகளில் இருந்த அழைப்பு மணிகளின் ஒயரைப் பிடுங்கச் சொன்னார். கற்றல் நடைபெறுகிறது, நோயாளிகள் அழைக்க வேண்டாம் என்று சுவரெல்லாம் ஒட்டினார்கள். நோயாளிகளைச் சும்மா விடலாமா என்று அவர்களுக்கும் ஒரு பயிற்சி வந்தது: "அழைக்கும் முன் யோசி". அதை முடிக்காதவர்களுக்கு டிஸ்சார்ஜ் கிடையாது. காய்ச்சல் விட்டு, நன்றாகச் சாப்பிட்டு, குளித்துத் தலைவாரி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு மனுஷர், கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லித் திரும்பத் திரும்ப உள்ளேயே கிடந்தார். பெண்டாட்டி வாசலில் நின்று கையாட்டிவிட்டுப் போவாள். நாளாக நாளாக அவருக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துவிட்டது.

அந்த மாதம் வந்த சதவீதப் பட்டியலில் ஆஸ்பத்திரி இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்ற ஆஸ்பத்திரியை விசாரித்தார்கள். அதற்கு இன்னும் கட்டடம் கட்டி முடியவில்லை. ஊழியர்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள், ஒரு நோயாளிகூடக் கிடையாது, எனவே நூற்றுக்கு நூறு. "நாமும் அந்த நிலையை எட்ட வேண்டும்," என்று பெரிய டாக்டர் உணர்ச்சிவசப்பட்டுச் சுற்றறிக்கை விட்டார்.

பெரிய சிஸ்டர் மட்டும் கழுத்துப் பட்டை போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். கொள்கை கிள்கை ஒன்றும் இல்லை. பட்டையை மாட்டிப் பார்த்தாள், யாரோ கூப்பிட்டார்கள், தலை திரும்பவில்லை, ஆனால் உடம்பு முழுக்க நாற்காலியோடு திரும்பிவிட்டது. அடியில் சக்கரம் வைத்த நாற்காலி அது. திரை சிவந்தது.

அப்படியே இழுபறியாக இருந்தபோது ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளை போன் பண்ணினார்.

"அத்தை, வலி எடுத்துடுச்சு. நாள் இருக்குன்னு சொன்னாங்களே, திடீர்னு எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டேன். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

"தோ வந்துடறேன் மாப்பிள்ளை. தோ வந்துடறேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். லீவு பொத்தான் சாம்பலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடினால் நாளைக்கு வேலை இல்லை, பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பால் வாங்கவும் வழி இல்லை. பட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். கதவோரம் கிடந்த செங்கல்லை எடுத்து நாற்காலியின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். கண்டக்டரைப் பார்த்தாள்.

"போங்க சிஸ்டர், நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். வார்டைப் பார்த்து, "ஏய், வண்டி பாயிண்ட் டு பாயிண்ட். நடுவுல எங்கயும் நிக்காது!" என்றார். இருமுகிறவர் தலையணையை வாயில் வைத்துக்கொண்டார்.

வணக்கம், அன்பான கற்போரே. பெரிய சிஸ்டர் அசையவில்லை. பொம்மை கூப்பிட்டது, அசையவில்லை. பாடம் ஓடியது. இதுவரை போகாத தூரமெல்லாம் போயிற்று. பச்சை விளக்கு பச்சையாகவே எரிந்தது. கடைசியில் கேள்விகள் வந்தன.

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து கண்டக்டரின் குரல் கேட்டது. மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு. "சிஸ்டர்..."

அவர் விளையாட்டுக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை. பெரிய சிஸ்டருக்கு அது தெரியும். கழுத்து நரம்பு பட்டைக்குள் துடித்தது. மகள் தொண்டை கட்டிப்போகக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. அவள் திரும்பவில்லை.

"இல்ல சிஸ்டர், நீங்க படிங்க. தண்ணிதான். நானே எடுத்துக்கறேன்."

கட்டில் கிரீச்சிட்டது. டம்ளர் உருண்டது. பிறகு ஏதோ கனமானது தரையில் விழுந்தது. ஒரு மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்குகிற சத்தம் எப்படி இருக்கும் என்று நர்ஸுகளுக்குத் தெரியும்.

திரையில் கடைசிக் கேள்வி நின்றது. "நோயாளி அழைத்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன?"

உடனே திரும்பிப் பார்ப்பது என்ற பதிலை, கண்ணீர் வழிய, திரும்பாமல் அழுத்தினாள் பெரிய சிஸ்டர்.

மத்தாப்புக் கொளுத்தியதுபோல் திரையெல்லாம் வண்ணப் பொறிகள். "வாழ்த்துகள்! நீங்கள் இப்போது அன்பான கவனிப்பில் பயிற்சி பெற்றவர்!" என்றாள் சுருக்கம் இல்லாதவள். லீவு பொத்தான் பச்சையாக எரிந்தது. அதை அழுத்திவிட்டு ஓடினாள். கண்டக்டர் தரையில், கொட்டிய தண்ணீரில் நனைந்து, கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"பாஸாயிட்டீங்களா சிஸ்டர்?" என்றார்.

நாலு பேராகத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். எலும்பு திரும்ப விலகியிருக்கும், படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கண்டக்டர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "நான் எங்க போகப்போறேன், இங்கதான் கிடப்பேன். நீங்க கிளம்புங்க சிஸ்டர். ரைட், ரைட்!"

பஸ்ஸில் கூட்டம். ஆனால் ஒரு பெண் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தாள். "உக்காருங்கம்மா. கழுத்துல அடியா?" அப்போதுதான் பட்டை இன்னும் கழுத்தில் இருப்பதே பெரிய சிஸ்டருக்குத் தெரிந்தது. கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அந்த டம்ளர் உருண்டுகொண்டே இருந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரி இதைவிடச் சின்னது. நீள நடை, ஈரத் தரை, மருந்து நெடி. பிரசவ வார்டு வாசலில் மாப்பிள்ளை தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டீங்களா அத்தை! உள்ள கத்திக்கிட்டு இருக்கா. டாக்டர் அவசரக் கேஸ்ல இருக்காராம். அந்த சிஸ்டரை எத்தனை தடவை கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. காது கேக்காதோ என்னவோ."

பெரிய சிஸ்டர் பார்த்தாள். வார்டு நடுவில் மேஜை. மேஜையில் பளபளவென்று கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஒரு நர்ஸ், கழுத்தில் பட்டை, முதுகு நேராக, கல்லுப்போல்.

"கேக்கும் மாப்பிள்ளை," என்றாள். "நல்லாவே கேக்கும்."

கிட்டே போனாள். திரையில் அதே சுருக்கம் இல்லாதவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாடம் முடியப் போகிறது, கேள்விகள் ஆரம்பமாகிவிட்டன. அந்த நர்ஸுக்கு முப்பது வயசு இருக்கலாம். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"உங்க பொண்ணுதான்னு தெரியும் சிஸ்டர்," என்றாள், திரையில் நிழலாடிய நர்ஸ் உடுப்பைப் பார்த்து, உதடு அசையாமல், திரும்பாமல். "இன்னும் கொஞ்சம்தான். எங்கம்மாவுக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன். என்னை விட்டா யாரும் இல்ல. லீவு வேணும். இன்னும் கொஞ்சம்தான் சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் அவளைத் திட்ட வாய் திறந்தாள். எதைச் சொல்லித் திட்டுவது? மத்தியானம் இதே நாற்காலியில், இதே பட்டையோடு, இதே பச்சை விளக்குக்கு முன்னால் அவள்தானே உட்கார்ந்திருந்தாள்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தொண்டை கட்டிப்போன குரல். "யாராவது வாங்களேன்... அம்மா..."

பெரிய சிஸ்டர் கையை நீட்டினாள். உள்ளங்கையால் கேமராவை இறுக மூடினாள்.

திரை சிவந்தது. "ஐயோ!" என்று அலறிவிட்டாள் அந்த நர்ஸ். "என்ன சிஸ்டர் பண்ணிட்டீங்க! இத்தனை நாள்! மறுபடியும் முதல்லேர்ந்தா!"

"என்னை அப்புறமாத் திட்டு. எவ்வளவு வேணாத் திட்டு," என்றாள் பெரிய சிஸ்டர். "இப்ப எழுந்திரு. எனக்கு ஆம்பளைங்க வார்டு. பிரசவம் பாத்துக் காலம் ஆயிடுச்சு. நீ இல்லாம என்னால முடியாதும்மா."

அந்த நர்ஸ் ஒரு கணம் சிவந்த திரையைப் பார்த்தாள். பிறகு பட்டையைப் பிடுங்கி வீசிவிட்டு எழுந்து ஓடினாள். அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். எத்தனை நாளாகக் கட்டிப்போட்ட கால்களோ! திரைச்சீலையை விலக்கினாள், ஒரு பார்வை பார்த்தாள், "கொடி சுத்தியிருக்கு, விரலைக் கொடுங்க சிஸ்டர், இங்க பிடிங்க, நீ முக்காதே கண்ணு, நான் சொல்றப்ப முக்கு," என்று மளமளவென்று வேலையில் இறங்கிவிட்டாள். பெரிய சிஸ்டர் ஒரு கையால் அவள் சொன்ன இடத்தில் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை மகள் நொறுக்கிவிடுவதுபோல் பற்றியிருந்தாள்.

"வந்துட்டியாம்மா?"

"வந்துட்டேன்டி. இங்கதான் இருக்கேன்."

பெண் குழந்தை. முதலில் நீலமாக இருந்தது. அந்த நர்ஸ் தலைகீழாகப் பிடித்து, துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டினாள். அந்த நேரத்தில் வார்டில் யாருமே மூச்சு விடவில்லை. பிறகு குழந்தை வீலென்று ஒரு அழுகை அழுதது. மாப்பிள்ளை வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய ஆண்பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் விக்கி விக்கி அழுதார்.

எல்லாம் துடைத்து முடித்து, மகள் கண் அசந்ததும், அந்த நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அவளுடைய டூட்டி முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெரிய சிஸ்டரும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கம்மா," என்றாள்.

"போங்க சிஸ்டர். பாப்பாவைப் பாத்தப்புறம் கோவமா வரும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள் அவள். "எங்கம்மாதான் பாவம். காலையிலேர்ந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்கும்."

"நீ உக்காந்து முடி. நேரம் இருக்கு. வார்டுல யார் கூப்பிட்டாலும் நான் போறேன். நான் லீவுல இருக்கேன், என்னை அதுக்குத் தெரியாது. நீ மட்டும் எதுக்கும் திரும்பாதே, என்ன?"

"திரும்ப மாட்டேன் சிஸ்டர்."

பச்சை விளக்கு எரிந்தது. வணக்கம், அன்பான கற்போரே. வார்டில் ஒருத்தி முனகினாள். பெரிய சிஸ்டர் பிள்ளையோடு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இன்னொருத்தி தண்ணீர் கேட்டாள். ஒரு கையால் ஊற்றிக் கொடுத்தாள். அந்த நர்ஸ் சிலைபோல் இருந்தாள். பொம்மை கூப்பிட்டும் அசையவில்லை. பாடம் ஓடியது, கேள்விகள் வந்தன, கடைசிக் கேள்வியும் வந்தது. நோயாளி அழைத்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? அவள் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

பெரிய சிஸ்டரின் தோளில் குழந்தை சிணுங்கி அழுதது.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.